கணக்குக்குத் தனி எண்: ஒரு மகளிர் குழுவின் சமூக ஊடகப் பக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்தில் ஒரு சிற்றூர். அங்கே 12 பேர் கொண்ட ஒரு மகளிர் சுய உதவிக் குழு பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கூழ்வற்றல், மாவடு என்று வீட்டுப் பக்குவத்தில் செய்து விற்கிறது. முன்பு வாரச்சந்தையும் கண்காட்சிகளும்தான் விற்பனை இடம். கொரோனா காலத்தில் இரண்டும் நின்றுபோனதால், படம் போட்டு விற்க ஒரு சமூக ஊடகப் பக்கம் தொடங்கினார்கள். ஊரின் பெயர், குழுவின் பெயர், தளத்தின் பெயர் மூன்றையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே விட்டிருக்கிறேன். இத்தகைய குழுக்களுக்குக் கைபேசிப் பயன்பாடும் கணக்குப் பாதுகாப்பும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பிரச்சினை முற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் குழுவிலேயே இளையவர். பி.காம். படித்தவர், ஒரு பிள்ளைக்குத் தாய். படம் எடுப்பது, விலை எழுதுவது, ஆர்டர் குறித்துக்கொள்வது எல்லாம் அவர்தான், அவருடைய சொந்தக் கைபேசியில்தான். கணக்கைத் திறந்தபோது ஒரு பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சல் முகவரி ஒன்று உருவாக்கிக் கொடுத்திருந்தார்கள். அதன் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. இதை ஒரு சின்ன விஷயமாக நினைத்துவிட வேண்டாம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இங்கேதான் வேர்.

எண் எப்படி வெளியே போனது

அவர் கைபேசி மாற்றியபோது, புது சாதனத்திலிருந்து உள்ளே நுழைய முயன்றதும் தளம் தடுத்து நிறுத்தியது. ‘கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதி செய்யுங்கள், கைபேசி எண் கொடுங்கள்’ என்றது. தீபாவளிக்கு முந்தைய வாரம். கையில் ஆர்டர்கள் இருக்கின்றன. மின்னஞ்சலைத் திறக்க வழியில்லை. தன் எண்ணைக் கொடுத்தார், ஓடிபி வந்தது, கணக்கு திறந்தது.

அந்த எண்ணில்தான் அவருடைய வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பிள்ளையின் பள்ளி எல்லாம் இருந்தன.

சில வாரம் கழித்து, பார்வையாளர் எண்ணிக்கையை அறிய வசதியாக இருக்கும் என்று பக்கத்தை வணிகக் கணக்காக மாற்றினார். மாற்றும்போது ‘தொடர்புத் தகவலைச் சரிபாருங்கள்’ என்று ஒரு திரை வரும். உறுதி செய்வதற்காகக் கொடுத்த எண் அதில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. அடியில் சின்ன எழுத்தில் ‘என் தொடர்புத் தகவலைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி; அதற்கு மேலே பெரிய நீலப் பொத்தான். யாராக இருந்தாலும் நீலப் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். அன்று முதல் பக்கத்தில் ‘அழைக்க’ என்ற பொத்தான் தெரிய ஆரம்பித்தது. அதை அழுத்தும் எவர் கைபேசியிலும் அவருடைய சொந்த எண் போய் நிற்கும்.

கவனித்தவை

முதலில் வந்தவை வாடிக்கையாளர் அழைப்புகள். அப்புறம் இரவு பத்து மணிக்கு மேல் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு. எடுத்தால் மறுமுனையில் பேச்சு இருக்காது, அல்லது பொடியைப் பற்றி இரண்டு கேள்வி, பிறகு வேறு பேச்சு. வாட்ஸாப்பில் வீடியோ அழைப்பு. அவர்களில் ஒருவர் மட்டும் எண்ணை மாற்றி மாற்றித் தொடர்ந்தார்.

நான் போனபோது, ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வெளியாள் ஒருவரால் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை அவர் முன்னாலேயே செய்து பார்த்தோம். என் கைபேசியில் அவர் எண்ணைச் சேமிக்காமல் வாட்ஸாப்பில் தேடினேன்: பிள்ளையோடு நிற்கும் படம். யுபிஐ செயலியில் எண்ணைப் போட்டுப் பணம் அனுப்பப்போவதுபோல் நின்றேன்: வங்கியில் உள்ள முழுப்பெயர், தகப்பனார் பெயரோடு. அழைப்பவர் யார் என்று காட்டும் செயலியில் யாரோ சேமித்து வைத்திருந்த பெயர்: வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்து. பத்து இலக்கங்களிலிருந்து ஆள், குடும்பம், ஊர் என்று வந்துவிட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தொல்லை கொடுத்தவர் ஒருமுறை பிள்ளையைக் குறிப்பிட்டுப் பேசியது எப்படி என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது.

வீட்டில் நெருக்கடி வேறு விதமாக வந்தது. மாமியார், “ஏம்மா, பொடி விக்கிறதுக்கு இந்தப் பேச்செல்லாம் கேட்கணுமா? மூடிப்போட்டுடு” என்றிருக்கிறார். கணவர், கணக்கைத் தன் எண்ணுக்கு மாற்றிக்கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டுமே அக்கறையில் வந்த வார்த்தைகள்தான். ஆனால் முதல் யோசனையில் குழுவின் விற்பனை போகும். இரண்டாவதில் அந்தப் பெண்ணின் வேலை போகும்.

என் கணிப்பு

ஒரே எண் மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. தளத்திடம் ‘நான் நிஜமான ஆள்’ என்று காட்டும் சான்றாக ஒரு வேலை. கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திறக்கும் சாவியாக இன்னொன்று. வாடிக்கையாளர் கூப்பிடும் முகவரியாக மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்தாக வேண்டும், பிரித்தபின் மூன்றில் எதிலும் அவருடைய சொந்த எண் இருக்கக் கூடாது. இதை வைத்துத்தான் மற்ற முடிவுகளை எடுத்தோம்.

குழுவில் ஒருவர், “கைபேசி எண்ணைக் கொடுக்கணும்னு அரசாங்கச் சட்டமே இருக்காமே” என்று கேட்டார். தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-இல் அப்படிக் கட்டாயம் இல்லை. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவு செய்த பயனர்கள் உள்ள தளங்கள், விரும்புகிற பயனருக்குக் கணக்கை உறுதி செய்துகொள்ள ஒரு வழி தர வேண்டும், கைபேசி எண் அதில் ஒரு வழி என்றுதான் விதி 4(7) சொல்கிறது. அதற்காகக் கொடுத்த தகவலை, பயனர் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய, வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

விதி இருக்கிறது என்பதற்காக எண்ணை நம்பிக் கொடுத்துவிடலாமா? கடந்த காலம் அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்புக்காக என்று வாங்கிய எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022 மே மாதம் ட்விட்டர், அமெரிக்காவில் 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2013 முதல் 2019 வரை நடந்த விஷயம் அது. 14 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள் சம்பந்தப்பட்டவர்கள். 2021-இல் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் எண்கள் பெயரோடு இணையத்தில் கொட்டிக் கிடந்தன. எண்ணைக் கொண்டு ஆளைத் தேடும் வசதியைப் பயன்படுத்தியே அவற்றைத் திரட்டியிருந்தார்கள். அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அபராதம் விதித்தாயிற்று, எண்கள் இன்னும் வெளியேதான் இருக்கின்றன. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். வங்கியோடும் ஆதாரோடும் பிணைந்த எண்ணை மாற்றுவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அலைச்சல் என்பது மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

யோசித்த வழிகள்

உறுப்பினர் ஒருவரின் மகன், கல்லூரி மாணவர், இலவசமாக ஓடிபி வாங்கித்தரும் இணையதளங்களைக் காட்டினார். யாரும் பயன்படுத்தலாம் என்று எண்களைப் பட்டியலிட்டு வைத்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி அந்தப் பக்கத்திலேயே தெரியும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர்பேர் தெரியாதவர்களின் ஓடிபிக்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. “அப்ப நம்ம ஓடிபியையும் இப்படித்தானே மத்தவங்க பார்ப்பாங்க?” என்று குழுத் தலைவி கேட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த எண்ணைக் கணக்கில் வைத்தால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று யார் வேண்டுமானாலும் அழுத்திக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கும் எண்களும் வாடகை முடிந்தால் வேறொருவருக்குப் போகும். இணையவழி இயங்கும் மெய்நிகர் எண்களைப் பல தளங்கள் ஏற்பதும் இல்லை.

கணவரின் எண் என்ற யோசனையைப் பற்றி நிறைய நேரம் பேசினோம். தொல்லை அழைப்புகள் குறையும் என்பது உண்மை. ஆனால் உறுதிசெய்யும் எண் யாருடையதோ, கணக்கு கடைசியில் அவருடையது. வீட்டில் ஒரு மனஸ்தாபம் வந்தாலும், அவர் வெளியூர் போயிருந்தாலும், 12 பெண்களின் கடை அவருடைய கைபேசிக்காகக் காத்திருக்க வேண்டும். இதை அவரையும் வைத்துக்கொண்டே பேசினோம். கேட்டுவிட்டு, “சரி, குழுவுக்கே ஒரு நம்பர் இருக்கட்டும்” என்று அவரே சொன்னார்.

எண்ணே இல்லாமல் மின்னஞ்சலையும், நுழைவுக் குறியீட்டைக் கைபேசியிலேயே உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலியையும் மட்டும் வைத்துக்கொள்வது கொள்கையளவில் மிகச் சிறந்த வழி. அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். ஆனால் சந்தேகம் வந்தால் தளம் மறுபடியும் எண் கேட்கும். கேட்கும் நேரம் பெரும்பாலும் அவசர நேரமாகத்தான் இருக்கும், அப்போது மறுபடி சொந்த எண்ணைத்தான் கொடுக்கத் தோன்றும். அதனால் தளத்துக்குக் காட்ட மட்டும் தனியாக ஒரு சிம் வாங்கிவைப்பது என்று முடிவானது.

செய்த வேலைகள்

முதலில் கைவைத்தது தொல்லை அழைப்புகளில். எண்களைத் தடை செய்வதற்கு முன்பே அழைப்புப் பட்டியலையும் செய்திகளையும் தேதி நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்தோம். தடை செய்து, அழித்துவிட்டுப் புகார் கொடுக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கையில் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்தில் புகார் பதிவு செய்து, அதன் நகலோடு காவல் நிலையத்துக்கும் போய் வந்தார். தலைவி கூடப் போனார்.

அன்றைக்கே பக்கத்திலிருந்த ‘அழைக்க’ பொத்தானை எடுத்துவிட்டோம். வாட்ஸாப்பில் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றி, தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி அமைத்தோம்.

அடுத்தது மின்னஞ்சல். இங்கே ஒரு முட்டுக்கட்டை. பலரும் வைத்திருக்கும் சேவையில் புது முகவரி திறக்கப் போனால், அதுவும் கைபேசி எண் கேட்டது. எண் கொடுக்காமல் இருக்கத்தான் மின்னஞ்சல், மின்னஞ்சலுக்கே எண் என்றால் எங்கே தொடங்குவது? புரோட்டான் மெயில் என்ற வேறொரு மின்னஞ்சல் சேவையில் முயன்றோம். அன்று அது எண் கேட்காமல் ஒரு படப்புதிரோடு விட்டுவிட்டது. ஆனால் இலவசக் கணக்கை ஓராண்டு தொடாமல் விட்டால் அழித்துவிடும் உரிமை அந்தச் சேவைக்கு உண்டு. அதனால் மாதக் கூட்டத்தன்று ஒருமுறை திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பிரவுசிங் சென்டர் முகவரியை நீக்கிவிட்டுப் பக்கத்தில் இதைச் சேர்த்தோம்.

மூன்றாவது, அங்கீகாரச் செயலி. ஆறு இலக்கக் குறியீடு, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். சிக்னல் தேவையில்லை, சிம் தேவையில்லை. திரையில் வரும் கட்டக் குறியீட்டை (க்யூஆர் கோடு) அந்தப் பெண்ணின் கைபேசியிலும் செயலாளரின் கைபேசியிலும் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்தோம். இரண்டிலும் ஒரே எண் ஓடும், ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். செயலாளரின் கைபேசியில் வந்த எண்ணைத் தளம் ஏற்கவில்லை. பார்த்தால் அதில் மணி சில நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றியதும் சரியானது. அந்தக் குறியீடு நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, மணி தப்பினால் எண்ணும் தப்பும்.

கடவுச்சொல்லுக்குப் பிறகு வரும் இரண்டாம் படிச் சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியை வைக்கவில்லை. யாராவது ஏமாற்றி நம் எண்ணைத் தன் கையிலுள்ள சிம்முக்கு மாற்றிக்கொண்டால் குறுஞ்செய்தியும் அந்தக் கைக்கே போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டர் தலைமை நிர்வாகி ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கிலேயே இப்படி அவருடைய எண்ணைக் கைப்பற்றித்தான் விஷமப் பதிவுகள் போட்டார்கள்.

அவசரத்துக்கான மாற்றுக் குறியீடுகளைக் கைபேசியில் வைக்காமல் வெள்ளைத்தாளில் எழுதி, தீர்மானப் புத்தகமும் சேமிப்புப் பதிவேடும் இருக்கும் குழுவின் இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். பெட்டியின் சாவி தலைவியிடம், கடவுச்சொல் அந்தப் பெண்ணிடம். இந்த ஏற்பாடு அவர்களுடைய யோசனை. வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் நடத்திப் பழகியவர்களுக்கு அது இயல்பாக வந்தது.

நான்காவது, சிம். பதிவு செய்யப்படாத குழுவின் பெயரில் சிம் தர முடியாது என்றார் கடைக்காரர். தனி ஆள் பெயரில்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் பெயரில் இந்தியாவின் பெரும்பகுதியில் 9 இணைப்புகள் வரை இருக்கலாம். செயலாளர் பெயரில் எத்தனை இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிட்டு, அவர் பெயரிலேயே எடுத்து, அதைத் தீர்மானமாகவும் எழுதினோம். ஒரு பழைய பட்டன் போனில் போட்டுப் பொடி அரைக்கும் அறையில் வைத்தார்கள். வங்கி, யுபிஐ, ஆதார், வாட்ஸாப் எதுவும் அந்த எண்ணில் கிடையாது, யாருக்கும் கொடுப்பதும் கிடையாது. இது மறைந்துகொள்ளும் ஏற்பாடு இல்லை. சிம் முறைப்படி ஆதாரம் கொடுத்து வாங்கியது, காவல்துறை கேட்டால் யாருடையது என்று தெரியும். வெளியாளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

புது எண் உறுதியான பிறகே பழைய எண்ணை நீக்கினோம். பலர் தலைகீழாகச் செய்து வெளியே மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே நாளில் மின்னஞ்சல், எண், கடவுச்சொல் எல்லாம் மாறினால் கணக்கைத் திருடன் பிடித்துவிட்டான் என்று தளமே சந்தேகப்படலாம் என்பதால் வேலையைச் சில நாட்களுக்குப் பரப்பினோம். கடைசியாக, தளத்துக்கு ஏற்கெனவே போயிருந்த தொடர்புப் பட்டியலை நீக்கி, கைபேசித் தொடர்புகளைப் படிக்கும் அனுமதியை நிறுத்தி, பழைய சாதனங்களிலிருந்து வெளியேற்றினோம்.

வாடிக்கையாளர் எங்கே கூப்பிடுவது என்ற கேள்வி மீதமிருந்தது. தலைவி வீட்டில் இன்னும் லேண்ட்லைன் இருக்கிறது. வாட்ஸாப் பிசினஸ் செயலியை லேண்ட்லைன் எண்ணிலும் பதிவு செய்யலாம். குறுஞ்செய்திக்குப் பதில் ‘அழைத்துச் சொல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், மணி அடித்து, குறியீட்டைக் குரலில் சொல்லும். பேனாவோடு நின்று குறித்துக்கொண்டார்கள். பதிந்த கையோடு இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணும் (PIN) போட்டாயிற்று. இரவில் தொல்லை வந்தால் என்ன செய்வது என்றேன். தலைவிக்கு வயது 58. “எனக்கு அடிக்கட்டும், நான் பேசிக்கிறேன்” என்றார்.

அதன் பிறகு

தொடர்ந்து தொல்லை கொடுத்தவரைக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டு எச்சரித்த பிறகு அழைப்பு நின்றது. மற்றவர்களின் அழைப்புகள் மெல்லக் குறைந்தன, முழுதாக நிற்கவில்லை. வெளியே போன எண் வெளியே போனதுதான். அழைப்பவர் பெயர் காட்டும் செயலியின் தளத்தில் எண்ணை நீக்கக் கோரி, பெயர் வராமல் செய்தோம். வங்கிப் பெயர் யுபிஐயில் தெரிவதை ஒன்றும் செய்யவில்லை.

விற்பனை முதல் சில வாரங்கள் சரிந்தது. பழைய எண்ணைச் சேமித்து வைத்திருந்த வாடிக்கையாளர்கள் அதில் கூப்பிட்டு, எடுக்காததால் போய்விட்டார்கள். பார்சலுக்குள் புது எண் அச்சிட்ட துண்டுச்சீட்டு வைக்க ஆரம்பித்தபின் திரும்பி வந்தார்கள். பணம் அனுப்பக் கைபேசி எண் கேட்டவர்களுக்கு எண் இல்லாத யுபிஐ முகவரியும் கட்டக் குறியீடும் கொடுக்கப்பட்டன.

பொங்கல் நேரத்தில் செயலாளரின் மகள் சென்னையிலிருந்து பக்கத்துக்குள் நுழைய முயன்றபோது தளம் மறுபடியும் தடுத்தது. இந்தமுறை செயலியின் ஆறு இலக்கத்தைப் போட்டதும் திறந்துவிட்டது. பட்டன் போனை எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. அந்தப் பெண் இப்போதும் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். மாமியார் கூழ்வற்றல் பிழிவதைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார், அவருடைய சம்மதத்தோடு.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

புதிதாகப் பக்கம் தொடங்கும் குழுக்களுக்கு நான் இப்போது சிம்மையும் மின்னஞ்சலையும் முதல் படத்தைப் போடுவதற்கு முன்பே எடுத்துவைக்கச் சொல்கிறேன். தளம் எண் கேட்கும்போது தேடிக்கொண்டிருந்தால் கையில் கிடைப்பது சொந்த எண்தான்.

துண்டுச்சீட்டுகளை எண் மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பியிருந்தால் விற்பனைச் சரிவு இவ்வளவு இருந்திருக்காது. பழைய எண் வெளியிலிருந்த அந்த மாதத்தை அந்தப் பெண் தாங்க வேண்டியிருந்திருக்கும் என்பதால், அதே முடிவைத்தான் மறுபடியும் எடுப்பேன்.

ரீசார்ஜ் பற்றிய கவலை இன்னும் இருக்கிறது. செயல்நிறுத்தப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். கணக்கில் அந்த எண் இருக்கும்வரை அதன் புது உரிமையாளர் கையில் ஓடிபி போய் விழும். எனவே ரீசார்ஜ் தேதி, பதிவேட்டில் தவணை வசூல் பக்கத்திலேயே எழுதப்படுகிறது.

சிம் செயலாளர் பெயரில் இருப்பதும் அப்படித்தான். பொறுப்பாளர்கள் மாறுவார்கள். அடுத்த செயலாளர் பொறுப்பேற்கும் வாரத்திலேயே அவர் பெயரில் புது சிம் எடுத்து, கணக்கில் எண்ணை மாற்றி, அதன் பிறகே பழையதை ஒப்படைப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இந்த ஆண்டு இறுதியில் அந்த மாற்றம் வருகிறது.